காற்று படாத இடம்

“பதினொண்ணு” என்று சொல்லிவிட்டு டீச்சர் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த எண் பன்னிரண்டு, அவள் கணவருடையது. அதையும் அவள்தான் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக அதுதான் வழக்கம். ஆனால் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. மலையுச்சிக் காற்று தொண்டையை அப்படி வறள வைத்திருந்தது.

விசில்காரர் நோட்டில் பென்சிலை ஊன்றியபடி காத்திருந்தார். இறங்கும் வழியில் ஊற்றுக்குப் பக்கத்தில் வருகிற முதல் நிறுத்தம் அது. சுற்றிலும் மரங்கள் புது இலை விட்டிருந்தன. இங்கே காற்று இல்லை, ஆனாலும் எல்லோருடைய காதும் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

“பன்னெண்டு?” என்றார் விசில்காரர்.

அவள் தண்ணீரை விழுங்கினாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து, “சார் எங்க டீச்சர்? பின்னாடி வராரா?” என்று கேட்டுவிட்டார்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். உச்சியிலிருந்து கிளம்பிய பிறகு அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். வந்த பாதை வளைவு வரைக்கும் காலியாகக் கிடந்தது.

“வருவாரு,” என்றாள். “மெதுவாத்தான் வருவாரு. ஷூ லேஸ் அவுந்திருக்கும்.”

விசில்காரர் மூன்று முறை ஊதினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தார்கள், பத்து நிமிஷம் பார்த்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சியில் கிளம்பும்போது பன்னிரண்டு என்று யார் குரல் கேட்டது என்பது அங்கே நின்ற பத்துப் பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிற கூட்டம் அது. விசில்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று முப்பது வருஷம் எழுதிய கை சும்மா இருக்க மாட்டாமல், மனிதர்களைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் அவரவர் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். தலையை எண்ணினால் போதாதா என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “தலை ஏமாத்தும் சார். டிப்போல நான் பாக்காத தலையா? குரல்தான் ஏமாத்தாது” என்பார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கை பட்டவை. “நாள் பூரா மேல போயி கீழ வர்றவனை ஞாயித்துக்கிழமையும் மேல போகச் சொல்றாங்க டீச்சரம்மா” என்று அவர் ஒரு ஜோக் வைத்திருந்தார். கூட்டத்தில் எல்லோரும் அதற்கு மூன்று வருஷமாகச் சிரித்தார்கள். அவளுக்கு முதல் தடவையே சிரிப்பு வரவில்லை. லிஃப்ட் குழிக்குள் தனியாகவே வேலை பார்த்துப் பழகிய மனிதர், சத்தமாகப் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. சொல்வது தொண்டையைத் தாண்டி உதட்டுக்கு வருவதற்குள் பாதி தேய்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் அவர் சொன்ன பன்னிரண்டு யாருக்கும் கேட்கவில்லை. “யாரு? பன்னெண்டு யாரு?” என்று விசில்காரர் மறுபடி மறுபடி கேட்க, கூட்டமே திரும்பிப் பார்க்க, அவளுக்கு மானம் போனது. மூன்றாவது வாரம் “பதினொண்ணு, பன்னெண்டு” என்று அவளே சேர்த்துச் சொல்லிவிட்டாள். விசில்காரர் பென்சிலைத் தூக்கி ஒரு நொடி யோசித்தார். “விடுங்க சார், புருஷன் பொண்டாட்டிதானே” என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். பென்சில் இறங்கியது. சட்டத்தில் ஓட்டை அப்படித்தான் விழுந்தது.

இத்தனைக்கும் அவள் இருபத்தெட்டு வருஷம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்தவள். வராத பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை குரலை மாற்றி “உள்ளேன் டீச்சர்” என்றால் தலை நிமிராமலே கண்டுபிடித்துவிடுவாள். சொன்ன பிள்ளை அன்று முழுக்க வாசலில் நிற்கும், சொல்லச் சொன்ன பிள்ளை மறுநாள் நிற்கும். அவள் காதுக்குத் தப்பிய கள்ள ‘உள்ளேன்’ ஒன்றுகூடக் கிடையாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

விசில்காரரும் மருந்துக்கடைக்காரரும் திரும்ப மேலே கிளம்பினார்கள். “நீங்க இங்கயே உக்காருங்க டீச்சர்” என்றார்கள். அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் ஊற்றடியிலேயே பைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

நாற்பது நிமிஷத்தில் இறங்கிய வழி, ஏறும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ‘மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அங்கயே உக்காந்திருக்காரு. எல்லாரையும் அலைய விடறதுல ஒரு சந்தோஷம்’ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறினாள். திட்டுகிற வரைக்கும் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் திட்டை நிறுத்தவே இல்லை.

காலையில் கிளம்பும்போதே ஆரம்பித்தது. அவர் பெரிய பிளாஸ்கில் டீ போட்டு நிரப்பி, பையில் வைத்தார். இரண்டு மூடி வைத்த, ஒரு நாளானாலும் சூடு ஆறாத பழைய பிளாஸ்க் அது. ஒவ்வொரு மூடியும் ஒரு கோப்பை. தூக்கினால் கை தொங்கும். “அந்தக் காத்துல யாரு டீ குடிக்கப் போறா? செங்கல்லத் தூக்கிட்டு மலை ஏறுற மாதிரி” என்றாள். அவர் பையின் வாரை இறுக்கினார். பாதி வழியில், வெயில் இன்னும் சூடேறாத நேரத்தில், அவர் நின்றார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

“நெஞ்சு கரிக்குதும்மா,” என்றார். “தோள்பட்டையும் ஒரு மாதிரியா இருக்கு. நான் இப்படியே கீழ இறங்கி வண்டிகிட்ட உக்காந்துக்கவா?”

“பிளாஸ்க்கத் தூக்கினா தோள் வலிக்காம என்ன செய்யும்?” என்றாள் அவள். “எல்லாரும் பாக்குறாங்க. உங்க நாடகத்த வீட்டுல வச்சிக்கக் கூடாதா?”

நாடகம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாண வீடு என்றால் அவருக்கு வயிறு சரியிருக்காது, சொந்தக்காரர் வந்தால் தலை வலிக்கும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் சொன்ன வலிகளை எல்லாம் நம்பியிருந்தால் அவள் ஒரு ஆஸ்பத்திரியே கட்டியிருக்கலாம். அதனால் இந்த வலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள். அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். கூட்டத்தின் கடைசியில், பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று, உச்சி வரைக்கும் ஏறி வந்துவிட்டார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தொப்பியைப் பிடித்தால் கண்ணாடி போகும், கண்ணாடியைப் பிடித்தால் தொப்பி போகும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க இளம்பச்சையும், இடையிடையே மஞ்சளாய்ப் பூத்த புதர்களுமாக விரிந்து கிடந்தது. மூன்று வாரத்துக்கு மட்டும் கிடைக்கிற காட்சி என்று விசில்காரர் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கணவர் வந்து அவள் கையைத் தொட்டார்.

“அந்தப் பக்கம் காத்து படாத எடம் ஒண்ணு இருக்கு. கொஞ்ச நேரம் உக்காரலாம். வாம்மா.”

“நீங்க போய் உக்காருங்க. நான் உக்காரவா இவ்வளவு தூரம் வந்தேன்?”

அதுதான் அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு. அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை, வாய் அசைந்தது, காற்று கொண்டு போய்விட்டது. கற்களைக் குவித்து உச்சி என்று அடையாளம் வைத்திருந்த இடத்தைத் தாண்டி, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனார்.

இருபது நிமிஷம் கழித்து விசில் ஊதியது. எல்லோரும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணைக் கத்தினார்கள். அவள் முறை வந்தபோது பாறைப் பக்கம் பார்த்தாள். ஆள் வரவில்லை. கூப்பிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும், எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். ‘வரட்டும், தனியா வரட்டும், அப்பத்தான் புத்தி வரும்’ என்று தோன்றியது. “பதினொண்ணு! பன்னெண்டு!” என்று கத்திவிட்டு, முதல் ஆளாக இறங்க ஆரம்பித்தாள். காற்று அவள் நின்ற பக்கமிருந்து பாறைப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்டிருக்குமா என்ற கேள்வி, இப்போது திரும்ப ஏறுகிறபோது, கடைசித் திருப்பத்தில்தான் அவளுக்குள் வந்தது. அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பாறையைச் சுற்றிப் போனார். அவள் போய்ப் பார்த்தபோது அவர் மண்டியிட்டு அமர்ந்து, கழுத்தில் விரலை வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அவள் கணவர் பாறை இடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்; அந்த இடத்தில், யாரும் உட்கார்ந்துவிடாமல் பிடித்து வைத்த மாதிரி, பிளாஸ்க் நின்றுகொண்டிருந்தது. அவள் அங்கே உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் சொன்னது சரிதான், அங்கே காற்று படவில்லை. மேலே அது ஊளையிட்டுக்கொண்டு போனது, இங்கே அவர் நெற்றியில் விழுந்த முடிகூட அசையவில்லை.

விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைப் பிரித்து நேரத்தை எழுதினார். பழக்க தோஷம். எழுதிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது போல, நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

வனத்துறை ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து இறக்கிச் சேர்க்க நாலு மணி ஆகிவிட்டது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பார்த்து, எழுதி, வெளியே வந்தபோது மகள் வந்து சேர்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவாள். அழுது வீங்கிய முகத்தோடு டாக்டரை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை மணிக்கு டாக்டர்?”

“பதினொண்ணரை, பன்னெண்டுக்குள்ள இருக்கலாம். சரியா சொல்ல முடியாதும்மா.”

“உடனே போயிருக்குமா?”

டாக்டர் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “அரை மணி நேரம் கஷ்டப்பட்டிருக்கலாம். பக்கத்துல யாராவது இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர், இருந்திருந்தால் என்ன என்பதைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

மகள் கூட்டத்துப் பக்கம் திரும்பினாள். நடைக்கூடத்தில் சுவரோரமாகப் பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். காலில் மலை மண், கையில் தொப்பி. “பதினொண்ணேகாலுக்கு எங்க இருந்தீங்க எல்லாரும்?” என்று கேட்டாள்.

“பதினொண்ணு பத்துக்குக் கிளம்பிட்டோம்மா,” என்றார் விசில்காரர்.

“அப்பா இல்லாமயா?”

விசில்காரர் கையிலிருந்த நோட்டை இறுக்கிப் பிடித்தார். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லட்டும் என்றும் நினைத்தாள், சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

“எண்ணிட்டுத்தான் கிளம்பினோம்,” என்றார் அவர், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு. “பன்னெண்டு கேட்டுச்சு.”

பொய் இல்லை. பன்னிரண்டு கேட்கத்தான் செய்தது. சொன்னார் என்று சொல்லாமல் கேட்டது என்று சொன்னதில், முப்பது வருஷம் பொய்க் கணக்கு எழுதாத மனிதரின் கஷ்டம் தெரிந்தது. ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவர் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனிதர், உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்.

“ஆமாம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். சார் நல்லா சத்தமா சொன்னாரு. அந்தக் காத்துலயும் கணீர்னு கேட்டுச்சு. அப்புறம் எதையோ மறந்து வச்சிட்டு எடுக்கத் திரும்பிப் போயிருக்கணும்.”

இன்னொருவர் தலையாட்டினார். ஒரு பெண், “சிரிச்சுக்கிட்டே சொன்னாரு” என்றாள். ஐந்து நிமிஷத்தில் கதைக்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒருவர்கூட டீச்சர் பக்கம் திரும்பவில்லை. அவளுக்காக மட்டும் அவர்கள் அதைச் செய்யவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. பத்துப் பேர் காதிலும் விழுந்தது அவள் குரல். பத்துப் பேரும் வழக்கம்தானே என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள்.

மகள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். பன்னிரண்டுக்கு நேராகக் குறி இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நம்பரை எண்ணியிருக்கீங்க,” என்றாள் விசில்காரரிடம். “ஆளை எண்ணல. எங்கப்பா கடைசி ஆளுன்னு தெரியும்ல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்க முடியல உங்களால?”

“தப்புதாம்மா,” என்றார் அவர். “என் தப்புதான்.”

“நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க.”

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. அல்லது கால் மேல் பழியைப் போட்டாள். வாயைத் திறக்கக் கால் எதற்கு?

மறுநாள் காலையில் வீட்டு முன்னால் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஹாலில் மேஜை நாற்காலியை எல்லாம் ஒதுக்கி அவரைக் கிடத்தியிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து நாலு பேர் சீருடையோடு வந்து, மாலையை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், மகள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்பா உச்சி வரைக்கும் ஏறிவிட்டார். அப்பா நன்றாகத்தான் இருந்தார். அப்பா கணீரென்று பன்னிரண்டு என்றார். பிறகுதான் திரும்பிப் போனார். பிறகுதான் அது நடந்தது.

டீச்சர் அடுக்களையில் இருந்தாள். தலைமாட்டில் உட்காரச் சொன்னார்கள், வேலை இருக்கிறது என்று வந்துவிட்டாள். வேலை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவருடைய பை மூலையில் கிடந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

பின்கதவு வழியாக விசில்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்தில் விசில் இல்லை. அது இல்லாமல் அவளுக்கு அவரை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

“வராதீங்கன்னு சொல்லிச்சு பாப்பா. வராம இருக்க முடியல டீச்சர்.”

“உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “ராத்திரி கண்ண மூடல. நான் சொல்லிடப் போறேன். உங்க பேரச் சொல்ல மாட்டேன். யாரோ சொன்னாங்க, யாருன்னு தெரியல, நான் சரியா பாக்காம குறிச்சிட்டேன்னு சொல்லிடறேன்.”

“யாரோன்னா, யாருன்னு கேப்பா. லேப்புல வேலை பாக்கறவ அவ.”

“எனக்குத் தெரியும் டீச்சர், அது உங்க குரல்னு.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மூணு வருஷமாத் தெரியும். முதல் நாளே நிறுத்தியிருக்கணும். அவரு வாயால சொல்லட்டும்னு ஒரு நிமிஷம் நின்னிருந்தா… ஒரு நிமிஷம்தானே? வண்டியெல்லாம் ஒரு நிமிஷம் லேட்டானா குடி முழுகிப் போற மாதிரி கத்தினவன் நான். அந்தப் புத்திதான்.”

அவளுக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு அழ அவருக்கு முடிகிறது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வந்தால் எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றாள். “நானே சொல்றேன். எம் பொண்ணு, எம் புருஷன். நாந்தான் சொல்லணும். எடுக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.”

“இப்பயா?”

“இப்ப சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன் சார். என்னை எனக்குத் தெரியும்.”

அவள் மகளின் அறைக்குப் போனாள். விசில்காரர் அடுக்களை வாசலிலேயே, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றுகொண்டார். மகள் கட்டிலில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து எடுத்த அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ராத்திரி முழுக்க அழுத கண். அவளை நாலு வயசில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தபோது இருந்த கண் அதுதான், கொஞ்சமும் மாறவில்லை.

“பாப்பா,” என்றாள் டீச்சர். “மலையில நடந்தது ஒண்ணு உங்கிட்ட சொல்லணும்.”

“நானும் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. இங்க வா, உக்காரு.” மகள் நகர்ந்து இடம் விட்டாள். “அப்பா எங்கிட்ட கடைசியா போன்ல பேசினது சனிக்கிழமை. நான் வேலையா இருந்தேன். அப்பறம் பேசறேன்னு வச்சிட்டேன். அது என்னை அறுக்குதும்மா. அந்தப் பன்னெண்டு மட்டும் இல்லைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். அதையாவது நல்லா சொல்லிட்டுப் போனாரே, கஷ்டப்பட்டுக்கிட்டு சொல்லலையேன்னு…” அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாரும் கேட்டிருக்காங்க, நான் மட்டும் கேக்கல. எப்படிம்மா சொன்னாரு? ஒரு தடவை அதே மாதிரி சொல்லிக் காட்டேன்.”

டீச்சர் வாயைத் திறந்தாள். திறந்திருந்த கதவு வழியாக, அடுக்களை வாசலில் விசில்காரர் நிற்பது தெரிந்தது. சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை: அது நான்தான் சொன்னேன். நாக்கு நுனியில் இருந்தது.

“பன்னெண்டு!” என்றாள்.

உச்சியில் சொன்ன அதே மாதிரி வந்தது. அதே அவசரம், அதே எரிச்சல், கடைசியில் ஒரு வெட்டு. தன் குரலைத் தானே கேட்டு அவளுக்கு உடம்பு சில்லிட்டது. இந்தப் பெண்ணுக்குக் காது இல்லையா, இது யார் குரல் என்று தெரியவில்லையா என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

மகளின் கண்ணில் நீர் கோத்தது. “அவ்வளவு சத்தமாவா?”

“இதே சத்தம்தான்.”

“அப்பா குரல் அப்படி வராதேம்மா.”

“வராது,” என்றாள் டீச்சர். “ஆனா இதேதான் கேட்டுச்சு பாப்பா. இதே குரல்தான். வேற மாதிரி இல்ல.”

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், நன்றாக, விட்டு அழுதாள், அழுது முடித்தபோது அவள் உடம்பு லேசாகியிருந்தது. அந்த லேசை அவளிடமிருந்து பிடுங்குகிற தைரியம் டீச்சருக்கு இல்லை. பிடுங்கினால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

அவள் அடுக்களைக்குத் திரும்பியபோது பின்கதவு திறந்து கிடந்தது. விசில்காரர் போய்விட்டிருந்தார். வெளியே யாரோ வண்டி வந்துவிட்டது என்றார்கள்.

அவள் மூலையில் கிடந்த பையை எடுத்துத் திறந்தாள். பிளாஸ்க் கனத்தது. இரண்டு மூடிகளும் இறுக்கமாக, முந்தின நாள் காலையில் அவர் திருகி வைத்தபடியே இருந்தன. திறந்து பார்த்தாள். கழுத்து வரைக்கும் டீ நின்றது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

மகள் ஹாலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆமா அத்தை, கடைசியா பன்னெண்டுன்னு சொன்னாரு. அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. ஆமா… கணீர்னு.”

டீச்சர் பிளாஸ்க்கைத் தொட்டியில் சாய்த்தாள். டீ மெல்ல வழிந்து முடிந்தது. தொட்டியிலிருந்து லேசாக ஆவி எழும்பி, ஜன்னல் சாத்தியிருந்ததால் எந்தப் பக்கமும் சாயாமல், நேராக மேலே போனது.